‘ஜாரிய’ என்னும் அடைமொழி

சென்ற ஆண்டு வகுப்புத் தேர்வொன்றில் ருஷியப் புரட்சியைப் பற்றி எழுதும்போது, ‘ஜாரிய எழுத்தாளர் டால்ஸ்டாய்’ என்று எழுதியிருந்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அத்தொடரின் கீழே சிவப்புக் கோடும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. டால்ஸ்டாய் பிறந்தது 1828-இல்; மறைந்தது 1910-இல். வாழ்நாள் முழுவதும் ஜார் மன்னர்களின் ஆட்சியிலேயே வாழ்ந்தவர். பின் பிழை எங்கே? பேராசிரியரிடமே கேட்டேன்.

“தம்பி, அவர் எப்போது வாழ்ந்தார் என்று சொல்ல வந்தாய், யார் பக்கம் நின்றார் என்று சொல்லிவிட்டாய்” என்றார். அன்று நூலகத்திற்குச் சென்றவன், நான் அறிந்துகொண்டதை இங்கே சொல்ல விழைகின்றேன்.

‘ஜார்’ என்பது ரோமாபுரியின் சீசர் பெயரிலிருந்து பிறந்த சொல். ஜெர்மானியரின் ‘கெய்சர்’ என்பதும் அதன் உடன்பிறப்பே. 1547-இல் நான்காம் இவான் முறைப்படி ஜாராக முடிசூடினார். 1721-இல் மகா பீட்டர் ‘பேரரசர்’ என்னும் பட்டத்தை ஏற்றார். அதன்பின் 1917 வரை அதுவே முதன்மைப் பட்டம்; எனினும் மக்கள் நாவில் ‘ஜார்’ என்பதே நிலைத்தது. பல்கேரிய மன்னர்களுக்கும் இப்பட்டம் உண்டாதலால், எந்நாட்டு ஜார் என்பதையும் நாம் நோக்க வேண்டும்.

இனி அடைமொழிக்கு வருவோம். மன்னருக்கு உரியது என்னும் பொருளில் ருஷிய மொழியில் ஓர் அடைமொழி உண்டு. அரண்மனைகள் நிறைந்த ‘ஜார்ஸ்கோயே செலோ’ என்னும் ஊர்ப்பெயருக்கு ‘ஜாரின் ஊர்’ என்பதே பொருள். இதில் புகழும் இல்லை, பழியும் இல்லை. ‘ஜாரிசம்’ என்பதோ வேறு. அது வரம்பற்ற அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருந்த ஆட்சிமுறையின் பெயர். அதனை எதிர்த்தோரே அச்சொல்லை மிகுதியும் வழங்கினர். 1905-இல் விண்ணப்பம் ஏந்தி வந்த தொழிலாளர் சுடப்பட்டனர். மறு ஆண்டு டூமா என்னும் மன்றம் கூடியபோதும், மன்னரின் தனியாட்சி அதிகாரம் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது.

தமிழில் ‘காந்தியத் தொண்டர்’ என்றால் காந்தியடிகளின் காலத்தில் வாழ்ந்தவர் என்றா கொள்கிறோம்? அவர் கொள்கையைப் பின்பற்றுபவர் என்றே கொள்கிறோம். அவ்வாறே ‘ஜாரிய எழுத்தாளர்’ என்றால் ஜாராட்சியின் ஆதரவாளர் என்ற பொருள் வந்து சேர்கிறது. டால்ஸ்டாயோ 1881-இல், தந்தையைக் கொன்றவர்களை மன்னிக்குமாறு புதிய ஜாருக்கே கடிதம் எழுதியவர். 1901-இல் அரசு சார்ந்த திருச்சபையால் விலக்கப்பட்டவர். 1908-இல் அரசின் தூக்குத் தண்டனைகளைக் கண்டித்து எழுதியவர். அவரை என் ஒரு சொல் எதிரணியில் நிறுத்திவிட்டது!

நம் பாரதியாரை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் பிறந்து, அவ்வாட்சியிலேயே 1921-இல் மறைந்தவர். அதற்காக அவரை ‘ஆங்கிலேய ஆட்சியின் கவிஞர்’ என்று எவரேனும் எழுதினால் நாம் பொறுப்போமா? ஜாரின் வீழ்ச்சியை ‘புதிய ருஷியா’ எனப் பாடிய கவிஞரல்லவா அவர்!

ஆகவே மாணவ நண்பர்களே, காலத்தைக் குறிக்க ‘ஜார் காலத்து’ என்போம். மன்னரின் உடைமையைக் குறிக்க ‘ஜாரின்’ என்போம். அந்த ஆட்சிமுறையையும் அதன் வழி நின்றோரையும் குறிக்க மட்டுமே ‘ஜாரிய’ என்போம். அந்தக் கேள்விக்குறியால் நான் இழந்தது ஒரு மதிப்பெண். என் சொல்லால் டால்ஸ்டாய் இழக்கவிருந்தது அதனினும் பெரிது.