மாத்திரைப் பையில் ஒரு பீட்டா பிளாக்கர்

சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில். மெல்பர்னில் டாண்டினாங், கிளேட்டன், கிளென் வேவர்லி. இந்தப் பக்கங்களில் ஒரு தமிழ் வீட்டில் பேரக்குழந்தை பிறந்தால் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தாத்தா பாட்டி வந்து இறங்குகிறார்கள். கூடவே ஒரு மாத்திரைப் பையும் வருகிறது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் என்று ‘லால்’ என முடியும் பெயர் அந்தப் பையில் ஏதாவது ஒரு அட்டையில் இருந்தால், அது பீட்டா பிளாக்கர். வீட்டில் கேட்டால் “பிரஷர் மாத்திரை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அது பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்பட்டதாக இல்லாமலும் இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட்டுக்காக இருக்கலாம். இதயம் பலவீனமாகி, பம்ப் செய்யும் திறன் குறைந்ததால் இருக்கலாம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை நிதானப்படுத்துவதற்காக இருக்கலாம். கை நடுக்கத்துக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், தைராய்டு அதிகமாகி வரும் படபடப்புக்கும் இதே குடும்பத்து மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். காரணம் எதுவென்று தெரியாமல் விமானம் ஏறுவதுதான் நம் பெரியவர்களுக்கு இருக்கும் முதல் ஆபத்து என்று நான் நினைக்கிறேன். இந்த மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா, இன்னொரு மருந்தோடு சேர்க்கலாமா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

பீட்டா பிளாக்கரைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். மருத்துவப் படிப்பில் ஏறிய கடனை அடைக்க 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து உடலியங்கியல் கற்பித்தவர் அவர். பிறகு பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்தார். அடைப்புள்ள இதயத்துக்கு அதிக ரத்தம் அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இதயம் கேட்கும் ஆக்சிஜனையே குறைத்தால் என்ன? பயத்திலும் பரபரப்பிலும் சுரக்கும் அட்ரினலின் இதயத்தில் போய் ஒட்டும் இடங்களுக்கு பீட்டா ஏற்பிகள் என்று பெயர். அந்த இடங்களை மருந்தால் அடைத்துவிட்டால் துடிப்பு குறையும், அழுத்தம் குறையும், இதயத்தின் பாரமும் குறையும். 1960களின் நடுவில், அப்படி அடைக்கும் ப்ரோப்ரானலால் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்திலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஏற்பிகளை மாதக்கணக்கில் அடைத்து வைத்தால், உடம்பு சும்மா இருப்பதில்லை, மேலும் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அத்தனை ஏற்பிகளும் ஒரே நேரத்தில் அட்ரினலினுக்குத் திறந்து கிடக்கும். இதயம் பறக்கும், அழுத்தம் எகிறும். அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி வரும், சிலருக்கு மாரடைப்பே வரும். ஆகவே பீட்டா பிளாக்கரை நிறுத்த வேண்டியிருந்தால் மருத்துவர் அதை ஒன்றிரண்டு வாரங்களில், சிலருக்கு அதைவிட மெதுவாக, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்துவார். “தலை சுத்துது, ரெண்டு நாள் போடாம பாக்குறேன்” என்று சொல்லும் அப்பாவை அன்றே ஒரு மருத்துவரிடம் பேச வைக்க வேண்டும்.

பயணத்தில் இந்த மாத்திரை நின்றுபோக எத்தனையோ வழிகள். பெட்டியில் போட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் முதல் நாளே கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வருபவர் தன் சொந்தத் தேவைக்கான மருந்தை மூன்று மாதத்துக்கு மேற்படாமல் கொண்டுவர விதி இடம் தருகிறது. மருத்துவரின் சீட்டோ கடிதமோ கூட இருக்க வேண்டும், நுழைவு அட்டையில் மருந்து இருப்பதைச் சொல்ல வேண்டும். அட்டையைக் கத்தரித்து உதிரி மாத்திரைகளாக ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தால், நான்காவது வாரத்தில் எது எதுவென்று வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

மூன்று மாதம்தான் மருந்து. ஆனால் பேரனைப் பார்க்க வந்தவர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கூட இருக்கிறார்கள். நான்காவது மாதத்தில் என்ன செய்வது என்பதை மூன்றாவது மாதக் கடைசியில் யோசிக்கும் வீடுகளே அதிகம். ஊரிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: சீட்டு தேவைப்படும் மருந்தை அப்படி இறக்குமதி செய்ய ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவரின் சீட்டு வேண்டும். அதைவிட இங்கேயே ஒரு குடும்ப மருத்துவரை, அதாவது ஜி.பி.யை, பார்த்து மருந்து வாங்கிவிடுவது எளிது. இந்தியாவுடனோ இலங்கையுடனோ ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மெடிகேர் ஒப்பந்தம் இல்லாததால் விருந்தாளியாக வந்தவர் முழுக் கட்டணமும் கொடுத்தாக வேண்டும். வந்து முதல் மாதத்துக்குள் ஒருமுறை ஜி.பி.யைப் பார்த்துவிடுங்கள். அவசரம் எதுவும் இல்லாத நாளில் நிதானமாகப் பேச முடியும்.

அந்தச் சந்திப்பில் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று மெட்டோப்ரோலால். இதில் இரண்டு உப்பு வகைகள் உண்டு. இந்தியாவில் பரவலாகக் கொடுப்பது சக்சினேட் வகை. எக்ஸ்எல், எக்ஸ்ஆர், ஈஆர் என்ற எழுத்துகளோடு வரும், மெதுவாகக் கரையும், ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். ஆஸ்திரேலியாவில் பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் சாதாரணமாக எழுதப்படுவது டார்ட்ரேட் வகை. அது சீக்கிரம் கரைந்துவிடுவதால் பெரும்பாலும் இரண்டு வேளை போட வேண்டும். “மெட்டோப்ரோலால் 50” என்று மட்டும் சொல்லி வாங்கி, ஊரில் போட்ட மாதிரியே ஒரு வேளை மட்டும் போட்டால், நாளின் பாதி நேரம் இதயம் பாதுகாப்பில்லாமல் இருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்: அந்த நோயில் பலன் நிரூபிக்கப்பட்டது சக்சினேட்தான். மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று பொடித்துக் கொடுக்கவும் கூடாது. முழு நாளுக்கான மருந்தும் ஒரே அடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். ஊரில் சகஜமான அம்லோடிபின்-அட்டெனோலால் கூட்டு மாத்திரையும் இங்கே பழக்கத்தில் இல்லாத ஒன்று. அட்டையைக் காட்டினால்தான் உள்ளே இரண்டு மருந்து இருப்பது இங்குள்ள மருத்துவருக்குத் தெரியும்.

இனி மெல்பர்ன்வாசிகளுக்கு. 2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. வெயில் 35 டிகிரியைத் தொட்ட பகலுக்குப் பின், மாலையில் இடி மழை. காற்றில் நிறைந்திருந்த ரைகிராஸ் புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள்களாக நகரத்தின் மேல் இறங்கியது. அடுத்த 30 மணி நேரத்தில் வழக்கத்தைவிட 3,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுகளுக்குப் போனார்கள். 10 பேர் இறந்தார்கள். ‘இடிமழை ஆஸ்துமா’ என்ற பெயர் அன்றுதான் உலகம் முழுக்கப் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, இலங்கை, தென்கிழக்காசிய வம்சாவளியினர் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை. மூக்கில் நீர் வடியும், கண் அரிக்கும், அவ்வளவுதான்.

பீட்டா பிளாக்கருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மூச்சுக் குழாயை விரித்து வைப்பதும் பீட்டா ஏற்பிகள்தான். வீசிங் வரும்போது இழுக்கும் வென்டோலின் அந்த ஏற்பிகளில் போய்த்தான் வேலை செய்கிறது. ப்ரோப்ரானலால், கார்வெடிலால் போன்றவை இதயத்தில் உள்ளதை மட்டுமல்லாமல் நுரையீரலில் உள்ளதையும் அடைக்கின்றன. அப்போது வென்டோலின் இழுத்தும் மூச்சு திறக்காமல் போகலாம். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால், நெபிவோலால் போன்றவை இதயத்தைக் குறிவைப்பவை. ஆனால் அளவு கூடும்போது அந்தக் குறியும் தவறும். ஆகவே ஆஸ்துமா எப்போதாவது இருந்தது, சிறு வயதில் இருந்து போய்விட்டது, வசந்த காலத்தில் மட்டும் இருமல் வரும் என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். விக்டோரியாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வருகிறது. அபாயம் அதிகம் என்று சொல்லும் நாளில் மழைக்கு முன் வீசும் காற்றின்போது பெரியவர்களை நடைக்கு அனுப்பாமல் சன்னல்களை மூடி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்குப் பயந்து அன்று காலை பீட்டா பிளாக்கரைத் தாமே நிறுத்தவும் கூடாது.

இதே விஷயத்தில் எல்லோரும் மறக்கும் ஒரு குட்டி பாட்டில் இருக்கிறது: கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டது மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையாகவும் ஒன்று, சொட்டாகவும் ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் நாடித் துடிப்பு அளவுக்கு மீறி இறங்கலாம், வீசிங் வரலாம். “என்னென்ன மருந்து எடுக்கிறீங்க?” என்று கேட்டால் கண் சொட்டைச் சொல்பவர் அபூர்வம். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, கண்ணும் மூக்கும் சேரும் இடத்தை ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் உடம்புக்குள் போவது குறையும்.

அக்டோபர், நவம்பரில் மகரந்தத்தோடு கந்த சஷ்டியும் வருகிறது. சிட்னியின் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஆறு நாள் விரதமிருந்து போகும் அம்மாக்களில் சுகரும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்கள் உண்டு. சுகர் இறங்கும்போது உடம்பு நடுங்கி, நெஞ்சு படபடத்து எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர் விரதத்துக்கு முன்பே ஜி.பி.யிடம் அளவைப் பேசிவிட வேண்டும். விரத நாளில் காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சுகரைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் சர்க்கரை சாப்பிட வேண்டும்.

மேற்கு சிட்னியின் கோடை வேறு கதை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. சூட்டைத் தணிக்க இதயம் வேகமாகத் துடித்துத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். பீட்டா பிளாக்கர் அதற்குக் கடிவாளம் போடுகிறது. சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் தண்ணீர் வற்றி, எழுந்தவுடன் மயங்கி விழும் வாய்ப்பு கூடும். நம்மூர் வெயிலைப் பார்த்தவர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டு மருந்துகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரம் தினமும் அதிகம் சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். சர்ப்பகந்தா வேர் எதிர்ப்பக்கம்: அதிலுள்ள ரிசர்பின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தே. மும்பையின் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் அந்த வேரை உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சொன்னார். பீட்டா பிளாக்கரோடு அது சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ஐபுப்ரோஃபென் அழுத்த மாத்திரையின் பலனைக் கெடுக்கும். வெராபமில், டில்டியாசெம் இரண்டும் துடிப்பைக் குறைப்பவை என்பதால், அவற்றை ஊரில் எழுதிக் கொடுத்திருந்தால் இங்கே கட்டாயம் சொல்லுங்கள்.

இவ்வளவு எச்சரித்துவிட்டு, இந்த மருந்தைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. இது உயிர் காத்த மருந்து. பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் விஷம் என்றுதான் ஒரு காலத்தில் பாடம் சொன்னார்கள். 1975இல் ஸ்வீடனின் கோதன்பர்க் மருத்துவர்கள் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து அதை மாற்றிப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த கோபர்நிகஸ் ஆய்வில் 2,289 பேர் பங்கேற்றார்கள், மெல்பர்னின் ஹென்றி க்ரம் அதை நடத்திய குழுவில் ஒருவர். மிக மோசமான இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் கார்வெடிலால் இறப்பை 35 சதவீதம் குறைத்தது. மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரங்கள் போகப்போக ஏற்றுவார்கள். முதல் சில வாரம் களைப்பு கூடினால் அதைச் சொல்ல வேண்டும். கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு எடுத்தால் மயக்கம் குறையும்.

வேறு நோய் எதுவும் இல்லாத வெறும் ரத்த அழுத்தத்துக்கு நிலைமை வேறு. ஆஸ்திரேலிய இதய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டுதல், அப்படிப்பட்டவர்களுக்கு பீட்டா பிளாக்கரை முதல் மருந்தாகப் பரிந்துரைப்பதில்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற மருந்துகள் முந்துகின்றன. மாரடைப்புக்குப் பின் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா என்பதும் இப்போது விவாதத்தில் இருக்கிறது. இதயத்தின் பம்ப் திறன் நன்றாக உள்ளவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதில் கூடுதல் பலனில்லை என்று ஸ்வீடன் முன்னின்று நடத்திய 2024 ஆய்வு சொன்னது. நெடுநாள் போட்டவர்களை நிறுத்த வைத்த அதே ஆண்டின் பிரெஞ்சு ஆய்விலோ, இதயக் கோளாறுகளுக்காக மருத்துவமனைக்குத் திரும்புவது கூடியது. ஆகவே “எனக்கு இது இன்னும் தேவையா?” என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்க வேண்டியது எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையோடு மருத்துவரிடம். வாட்சப்பில் அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. காலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அழுத்தத்தையும் நாடியையும் பார்த்து எழுதி வைக்கலாம். நாடி 50க்குக் கீழே போய்த் தலைசுற்றலும் இருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் அவசர எண் 000. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடக் கூடாது. சனிக்கிழமை இரவு மாத்திரை தீர்ந்துவிட்டால், சில நாட்களுக்கான மருந்தை அவசரமாகத் தர ஃபார்மசிஸ்டுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அட்டையோடு போய்க் கேளுங்கள். பல மருந்து எடுப்பவர்களுக்கு நாள்வாரியாகப் பிரித்து அடைத்த வெப்ஸ்டர் பேக்கையும் அவர்களே தயாரித்துத் தருவார்கள். பேரக்குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குறிப்பாக ப்ரோப்ரானலால், சில மாத்திரைகளே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிவிடும். தவறுதலாக யாராவது விழுங்கிவிட்டால், அறிகுறி வரும் வரை காத்திராமல் விஷத் தகவல் மையத்தை 13 11 26 என்ற எண்ணில் உடனே அழையுங்கள்.

இங்கிலீஷ் வராத அம்மா அப்பாவுக்காக மகனோ மருமகளோ மொழிபெயர்க்கும்போது சங்கடமான அறிகுறிகள் பாதியில் விழுந்துவிடுகின்றன. பீட்டா பிளாக்கர் சில ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் குறையை உண்டாக்கும். அதை மருமகள் முன் எந்த மாமனாரும் சொல்லமாட்டார், மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார். மாற்று மருந்து உண்டு என்பது அவருக்குத் தெரியாமலே போகும். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே கிளினிக்கில் சொல்லிவிட்டு, மருத்துவர் அறைக்கு அப்பாவைத் தனியாக அனுப்புங்கள்.