பின்னமும் இணைகோடும்: உறுப்பினர் அறிய வேண்டிய கணக்கு

ராசிங்காபுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சங்கப் பணியாக நாம் செல்லும் மாலை வேளைகளில், திண்ணையில் அமர்ந்து பாடம் எழுதும் பிள்ளைகளைக் காண்பதுண்டு. அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் பின்னமும் இணைகோடும் வரும் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இவையெல்லாம் எங்கள் பிழைப்புக்கு எவ்விதத்தில் உதவும்?" என்று பெற்றோர் நம்மை வினவுவதும் உண்டு. வினா நியாயமானதே. இவ்விரண்டையும் அறியாத உறுப்பினர், தமக்கு வந்த பங்கு சரியானதா என்பதைப் பிறர் வாய்ச்சொல்லைக் கொண்டே நம்ப வேண்டியவராகிறார் என்பதே அதற்கு நம் விடை.

பின்னம் நமக்குப் புதியதன்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்பன நம் பாட்டனார் வாயில் அன்றாடம் புழங்கிய சொற்கள். இருபதில் ஒன்றுக்கு மா என்றும், எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்றும் பெயரிட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை எண்சுவடி வாயிலாக மனப்பாடம் செய்தனர். 1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய்க்கு நூறு காசு என்ற முறை வரும்வரை, ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதே வழக்கு. ஆகவே வீசம் என்றால் ஓர் அணா என்று எவரும் உடனே கூறுவர். இன்று நூற்றுக்கு இத்தனை என்கிறோம். பெயர் மாறிற்றே ஒழியப் பொருள் மாறவில்லை.

மலைச் சரிவில் ஏலம் பயிரிடுவோரை முதலில் எடுத்துக்கொள்வோம். பறித்த பச்சைக் காய் உலர்ந்தால் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்குதான் எஞ்சும். முற்றாத இளங்காயைப் பறித்துவிட்டால் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்காகவும் குறையும். போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை பேசப்படுவது உலர்ந்த காய்க்கு. தோட்டத்திலேயே விற்பவரிடமோ பச்சைக் காய் இருக்கிறது. அவ்விடத்தில் வாங்குபவர், "ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம்" என்றால், ஐந்துக்கும் ஆறுக்கும் பெரிய வேற்றுமை இல்லை என்று நாம் இசைந்துவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். 300 கிலோ பச்சைக் காயில் ஐந்தில் ஒன்று 60 கிலோ. ஆறில் ஒன்று 50 கிலோ. ஒரு சொல்லில் பத்துக் கிலோ உலர்ந்த காய் கை நழுவிப் போகிறது. கீழெண் பெருகப் பெருகப் பங்கு சிறுக்கும் என்பது பள்ளிப் பாடம். அது தோட்டத்துப் பாடமுமாகும்.

நெசவாள உறுப்பினர்க்கும் இதே விதி தறியருகே காத்திருக்கிறது. நூலின் நம்பர் என்பதே தலைகீழாக எழுதிய ஒரு பின்னம். 840 கஜம் கொண்ட ஒரு சிட்டம், ஒரு ராத்தலில் நாற்பதில் ஒரு பங்கு எடையுடையதாயின் அது 40ஆம் நம்பர் நூல். எண்பதில் ஒரு பங்காயின் 80ஆம் நம்பர். ஆகையால் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. ராத்தல் என்பது சுமார் 454 கிராம். அதன்படி 40ஆம் நம்பர்ச் சிட்டம் ஒன்றின் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். கிலோவுக்கு ஏறத்தாழ 88 சிட்டம் இருத்தல் வேண்டும். 80ஆம் நம்பராயின் அதன் இரு மடங்கு, அதாவது 176. தராசின் எடையோடு சிட்டங்களையும் எண்ணிப் பார்ப்பவருக்கு நூலின் நம்பர் சரிதானா என்பது விளங்கிவிடும்.

சங்கத்தின் உயிர்நிலையும் பின்னத்திலேயே இருக்கிறது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தனர். அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப உபரியைப் பகிர்வது என்பது அவர்கள் கைக்கொண்ட நெறிகளுள் ஒன்று. ஒரு சங்கத்தில் ஆண்டுக் கொள்முதல் மொத்தம் 1,20,000 ரூபாய் என்றும், அதில் ஓர் உறுப்பினருடையது 3,000 ரூபாய் என்றும் கொள்வோம். அவர் பங்கு நாற்பதில் ஒன்று; நம் பழஞ்சொல்லில் அரைமா. பகிரவேண்டிய தொகை 6,000 ரூபாயாயின் அவருக்கு வரவேண்டுவது 150 ரூபாய். இதைத் தாமே போட்டுப் பார்த்தபின் கையொப்பமிடுபவரே உண்மையான உறுப்பினர்.

இனி இணைகோட்டுக்கு வருவோம். எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே இடைவெளியில் செல்லும் கோடுகள் இணைகோடுகள். பாவின் இழைகளைவிடச் சிறந்த உதாரணம் வேறு இல்லை. அந்த இடைவெளியைக் கோட்டுக்குச் செங்குத்தாகவே அளக்க வேண்டும். சாய்வாக அளந்தால் அளவு மிகும். பாடத்தில் ஒரு வரியாக இருக்கும் இவ்வுண்மையை மறந்ததால் நேர்ந்த இழப்பு ஒன்றை நாம் நேரில் கண்டோம்.

உறுப்பினர் ஒருவர் கடன் மனுவோடு நம்மிடம் வந்தார். தாம் வாங்கிய நிலம் 46 சென்ட் என்றும், பட்டாவில் 14.86 ஏர் என்று தவறாகப் பதிந்துவிட்டார்கள் என்றும் முறையிட்டார். ஏர் என்பது ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. சுமார் இரண்டரைச் சென்ட். அவ்வாறாயின் பட்டாவின்படி 37 சென்டுக்கும் சற்றுக் குறைவு. நிலத்தைச் சென்று பார்த்தோம். நீண்ட வரப்புகள் இரண்டும் 200 அடி. குறுகிய வரப்புகள் இரண்டும் 100 அடி. இரண்டையும் பெருக்கி 20,000 சதுர அடி என்று விலை கொடுத்திருந்தார். ஆனால் குறுகிய வரப்புகள் சாய்ந்திருந்தன. நீண்ட வரப்புகளுக்கிடையே செங்குத்தாக அளந்தபோது 80 அடியே இருந்தது. ஆகவே பரப்பு 16,000 சதுர அடி. பட்டா சரியே. விற்றவரும் வஞ்சகரல்லர், அவரும் பக்கங்களைப் பெருக்கியே விலை கூறியவர். ஒன்பது சென்டுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை. வரப்பின்மேல் நெடுநேரம் அமர்ந்திருந்த அவரிடம் ஆறுதலாகக் கூற நமக்குச் சொல் அகப்படவில்லை.

இதைத் தவிர்க்க ஒரு கயிறு போதும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயுள்ள மனையிலோ வயலிலோ, எதிர் மூலைகளுக்கிடையே குறுக்காக இருமுறை கயிறு பிடியுங்கள். இரு மூலைவிட்டங்களும் சமமாயின் மூலைகள் நேரானவை. நீளத்தை அகலத்தால் பெருக்கலாம். மேற்கூறிய நிலத்தில் ஒரு மூலைவிட்டம் 272 அடி, மற்றது 161 அடி. கயிறு பிடித்திருந்தால் கிரயத்துக்கு முன்பே உண்மை வெளிப்பட்டிருக்கும். நெய்த போர்வையின் ஊடை சாய்ந்திருக்கிறதா என்பதையும் இவ்வாறே காணலாம்.

மலைச் சரிவில் இணைகோட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. மேலிருந்து கீழாக நேரே வரிசை பிடித்தால், மழைநீர் அவ்வரிசையையே வாய்க்காலாக்கி மேல்மண்ணை அரித்துச் செல்லும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகள் அமைந்தால் நீர் தடைப்பட்டு நின்று ஊறும். மலையின் வளைவுக்கேற்ப இக்கோடுகளும் வளையும். எனினும் ஒன்றையொன்று வெட்டா. மட்டம் காணப் பெரிய கருவி வேண்டுவதில்லை. தெளிவான நீண்ட ரப்பர் குழாயில் நீர் நிரப்பி இருவர் இருமுனையைப் பிடித்தால், இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

உறுப்பினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே. இம்மாதம் சங்கப் பற்றுவரவுப் புத்தகத்தையும் நிலப் பட்டாவையும் எடுத்துவைத்து, வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால் அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அவ்வினாவை எந்த நல்ல சங்கமும் குறையாகக் கருதாது.