உஷார்! வாதம் வந்தவர் வீட்டில் மாத்திரை தீரக்கூடாது

பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? முதலில் எழுந்துபோய் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? இரண்டு மூன்று நாளைக்குத்தான் என்றால் இப்போதே வாங்கி வந்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இவ்வளவு பதற்றம் எதற்கு? ஒருமுறை வாதம் வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து மற்றவர்களைவிட மிக அதிகம். அதிலும் முதல் சில வாரங்கள், மாதங்கள் மிக மோசமானவை. முதல் முறை தப்பித்த பேச்சும் நடையும் இரண்டாம் முறை தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதைத் தடுக்கும் மாத்திரை விட்டுப்போகத் திருப்பூரில் காரணங்கள் அதிகம். பனியன் கம்பெனியில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஆர்டர் குறைந்து வேலை இல்லாத வாரம் வந்தால் வாடகை, சீட்டு, குழந்தையின் ஃபீஸ் எல்லாம் போக, "மாத்திரையை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று முடிவாகிவிடுகிறது. ஆர்டர் குவிந்த வாரத்திலோ வீட்டில் எல்லோருக்கும் ஒன்றரை ஷிஃப்ட். லைன் வீட்டில் தனியே இருக்கும் அப்பா காலை மாத்திரையைப் போட்டாரா, இல்லையா என்று ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மகளுக்குத் தெரிகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறது. கை கால் வந்துவிட்டால், "சரியாயிடுச்சே, இனி எதுக்கு?" என்று நிறுத்துகிறார்கள். வராவிட்டால், "இத்தனை மாத்திரை போட்டும் கை தூக்க முடியலையே" என்று சலித்து நிறுத்திவிட்டு, புறா ரத்தம் தடவப் போகிறார்கள். இரண்டும் தவறு. கையைத் தூக்க வைப்பது பிசியோதெரபி. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அட்டார்வாஸ்டாட்டினும் பிரஷர் மாத்திரையும் அடுத்த அடைப்பு வராமல் தடுப்பதற்காகத் தரப்படுபவை. அவை வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம், ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான்.

எங்கெல்லாம் உஷாராக இருக்க வேண்டும்?

தீபாவளி லீவு. போனஸ் வாங்கி, மதுரைக்கோ தேனிக்கோ பஸ் ஏறும் அவசரத்தில் மாத்திரைப் பை லைன் வீட்டிலேயே கிடந்துவிடும். ஊரில் ஒரு வாரம், பத்து நாள். ஆஸ்பிரினை நிறுத்தினால் அதன் பலன் ஏறக்குறைய அதே காலத்துக்குள் உடலைவிட்டுப் போய்விடும். ரத்தம் பழையபடி உறையத் தயாராகிவிடும். துணிமணி எடுத்து வைக்கும் முன்பே மாத்திரையை எடுத்து வையுங்கள்.

பழைய சீட்டு. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து எழுதியிருந்தால் அது பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். லேசான வாதத்துக்கு வழக்கமாக 21 நாள். மூளை ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் 90 நாள் வரை போகலாம். அதன்பின் ஒன்று மட்டும் தொடரும். ஆனால் மறுபரிசோதனைக்குப் போகாமல், டிஸ்சார்ஜ் அன்று தந்த சீட்டைக் காட்டியே வருஷக்கணக்கில் இரண்டையும் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. வயிற்றிலோ மூளையிலோ ரத்தக் கசிவு வரும் ஆபத்து இதனால் கூடுகிறது. மலம் தார் போலக் கறுத்துப் போனால் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். எது எத்தனை நாளைக்கு என்பதை டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

'செட்டு' மாத்திரை. "இடுப்பு புடிச்சுக்கிச்சுங்ணா, ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்றால் கடையில் நாலைந்து மாத்திரைகளைக் கிழித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ இருக்கலாம். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம், கூடவே பிரஷரும் ஏறலாம். வாதம் வந்தவருக்குச் செட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம்.

இரண்டு பெயர், ஒரே மருந்து. ஆஸ்பத்திரியில் ஒரு கம்பெனி மாத்திரை, கடையில் வேறு கம்பெனி. அட்டையின் நிறமும் பெயரும் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார்கள். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

பக்கத்து வீட்டு மாத்திரை. அடைப்பால் வரும் வாதம் வேறு, ரத்தக்குழாய் வெடித்து வரும் வாதம் வேறு. ஒருவரைக் காக்கும் மாத்திரை இன்னொருவரைக் கொல்லலாம். கடன் வாங்கிப் போடாதீர்கள்.

நசுக்கிக் கொடுப்பது. விழுங்கச் சிரமப்படுகிறார் என்று எல்லாவற்றையும் நசுக்கித் தண்ணீரில் கரைக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நசுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கும். தண்ணீர் குடித்தாலே இருமுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

பல் பிடுங்கப் போனால் "ஆஸ்பிரினை நிறுத்திட்டு வாங்க" என்று யார் சொன்னாலும், வாதத்துக்குப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரை தந்திருந்தால் அதையும் திடீரென நிறுத்தக்கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

பணம் காரணமாக நிறுத்த வேண்டாம்

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபியும் உண்டு. ஆனால் உஷார்! அவர்கள் தரும் மாத்திரைப் பை வந்துவிட்டதால் எல்லா மாத்திரையும் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அதில் இருக்கிறதா என்று சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் தொழிலாளிக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் மருந்து இலவசம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு. சனிக்கிழமை சம்பளத்தில் முதல் செலவு மாத்திரையாக இருக்கட்டும்.

வாரத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மறுபடி வந்தால்?

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பத்து நிமிஷத்தில் சரியாகிப் போனாலும் போயே ஆக வேண்டும். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை வாயில் போடாதீர்கள். அடைப்பா, வெடிப்பா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க எந்த மாத்திரை போடுகிறார், கடைசியாக எப்போது போட்டார் என்பதை டாக்டர் கேட்பார். ஆகவே மாத்திரைப் பையையும் சீட்டையும் ஆம்புலன்ஸிலேயே எடுத்துப் போங்கள்.