காரசாரமும் கசப்பும்: ஒரு பெயரடை குறித்து

'அக்ரிமோனியஸ்' என்கிற ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் சிலசமயம் 'காரசாரமான' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். இது அர்த்தப் பிசகு மட்டுமல்ல.

இலத்தீனில் 'கூர்மையான, உறைப்பான' என்ற பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இது. ஆங்கிலத்தில் நுழைந்த 17ஆம் நூற்றாண்டில் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும் பொருள்களைக் குறித்தது. பிறகே பேச்சுக்கும் மனநிலைக்கும் தாவியது. இன்று ஆளைவிட நிகழ்வோடுதான் அதிகம் சேர்கிறது: விவாதம், விவாகரத்து, கட்சிப் பிளவு.

காரசாரமான விவாதம் முடிந்ததும் "வாய்யா, டீ சாப்பிடலாம்"னு கிளம்பிவிட முடியும். அக்ரிமோனியஸ் விவாதத்தில் அது நடக்காது. கோபம் தணிந்தபின்னும் கசப்பு தங்கிவிடும். சார்த்தர் - காம்யு முறிவு நல்ல உதாரணம். 1951இல் வெளியான காம்யுவின் 'கலகக்காரன்' நூலை, சார்த்தர் ஆசிரியராயிருந்த 'லே தாம் மொதேர்ன்' இதழில் 1952 மே மாதம் பிரான்சிஸ் ழான்சோன் கடுமையாக விமர்சித்தார். காம்யுவோ ழான்சோனை விட்டுவிட்டு, நண்பர் சார்த்தரைப் பெயர்கூடச் சொல்லாமல் 'ஆசிரியர் அவர்களுக்கு' என விளித்துப் பதில் எழுதினார். சார்த்தரின் எதிர்வினை தனிமனிதத் தாக்குதலாகவே இறங்கியது. 1960இல் காம்யு விபத்தில் இறக்கும்வரை நட்பு மீளவில்லை. வரலாறு, வன்முறை பற்றிய கருத்து வேறுபாடு அங்கே உண்மையானது. பெயரடை அதைத் தொடுவதில்லை. சண்டை நடந்த விதத்தை மட்டுமே சொல்கிறது.

சிக்கலும் இங்கேதான். கசப்பு இருதரப்புக்கும் பொது எனும்போது பலம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 1984 மார்ச்சில் பிரிட்டனில் 20 நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தனர். அதை 'அக்ரிமோனியஸ் தகராறு' என்று எழுதினால் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் ஒரு பக்கம் போலீசும் அரசும், மறுபக்கம் சம்பளமிழந்த குடும்பங்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் கரைந்துபோகும்.

ஆகவே ஏறத்தாழச் சமபலமுள்ளோர் முறித்துக்கொள்ளும்போது 'மனக்கசப்பு மிகுந்த' என்று எழுதலாம். ஒடுக்குமுறை நடக்குமிடத்தில் பெயரடையைத் தேடாமல் யார், யாருக்கு, என்ன செய்தார் என்று வினைச்சொல்லில் எழுதுவோம்.