எத்தனை எம்பி போகுது? இணைய மேம்பாடும் எங்கட யாவாரமும்

எங்கட ஊர்களில் இணைய இணைப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி, "எத்தனை எம்பி வருது?" என்பதுதான். வீட்டில் படம் பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வி போதும். யாவாரம் செய்கிறவருக்குப் போதாது. அவர் கேட்க வேண்டியது, "எத்தனை எம்பி போகுது?" என்பது.

இணையத்தில் இரண்டு திசை உண்டு. வெளியிலிருந்து நம்மிடம் வருவது பதிவிறக்கம். நம்மிடமிருந்து வெளியே போவது பதிவேற்றம். வாடிக்கையாளர் பெரும்பாலும் பெறுகிறவர். யாவாரி அனுப்புகிறவர். பேருவளையில் மாணிக்கக்கல் விற்பவர் வெளிநாட்டு வாங்குநருக்குக் கல்லைத் திருப்பித் திருப்பி வீடியோவில் காட்ட வேண்டும். மருதமுனைக் கைத்தறிக்காரர் புதுச் சாரன்களின் படங்களை அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து அபாயா தைத்து விற்கும் பெண் தன் பக்கத்தில் வீடியோ ஏற்ற வேண்டும். மூவருக்கும் தேவை ஏறும் வேகமே.

பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு இதற்கென்று அமைந்ததல்ல. அதில் இறங்கும் பாதை அகலம், ஏறும் பாதை ஒடுக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படம் 5 மெகாபைட் என்றால் 100 படங்கள் 500 மெகாபைட். ஒரு பைட்டில் 8 பிட் இருப்பதால் அது 4,000 மெகாபிட். வினாடிக்கு 1 மெகாபிட் ஏற்றும் செம்பு லைனில் இது போய்ச் சேர 4,000 வினாடி வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கும் கூட. வினாடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் ஃபைபரில் 80 வினாடி.

இழப்பு அந்த ஒரு மணித்தியாலத்தோடு முடிவதில்லை. நமக்கு வந்து சேரும் ஒவ்வொரு தகவல் தொகுதிக்கும், "கிடைத்தது" என்று ஒரு சிறு பதில் திரும்பிப் போக வேண்டும். ஏறும் பாதை படங்களால் நிரம்பினால் அந்தப் பதில்கள் சிக்கிக்கொள்ளும். அப்போது இறங்கும் வேகமும் தடுமாறும். கார்ட் மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கும், வட்ஸ்அப் கோல் அறுந்து அறுந்து வரும். "லைன் வீக்" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் நடப்பது இதுதான்.

வேகத்துக்கு அடுத்தது நம்பகம். செம்பு மின்சாரத்தைக் கடத்தும். இடி மின்னல் காலத்தில் போன் லைன் வழியாக வந்த அதிர்ச்சியில் ரவுட்டரைப் பறிகொடுத்த கடைக்காரர்களை எந்த ஊரிலும் காணலாம். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அது ஒளியைத்தான் சுமக்கும். அதனால் அந்த வாசல் மூடப்படுகிறது. கரன்ட் வயரால் வரும் மின்னலுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு வேண்டும்.

கரன்ட் கட் வந்தாலும் வித்தியாசம் தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோபுரங்களின் பற்றரி இறங்கியதும் கைபேசி இணையமும் படுத்துவிட்டது. வழமையான வீட்டு ஃபைபர் அமைப்பில், தொலைபேசி நிலையத்துக்கும் கடைக்கும் இடையில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. நிலையத்தில் ஜெனரேட்டரும் கடை ரவுட்டருக்கு ஒரு சிறு பற்றரியும் இருந்தால் இணைப்பு உயிரோடு இருக்கும்.

இப்படி நின்று உழைக்கும் இணைப்பு கிடைத்தால் யாவாரத்தின் அமைப்பே மாறலாம். புறக்கோட்டையில் மொத்தக் கடையும் அக்கரைப்பற்றில் கிளையும் வைத்திருப்பவர் இரண்டு இடத்துச் சரக்கையும் ஒரே கணக்கில் பார்க்கலாம். கணக்குப் பிரதி ஒவ்வோர் இரவும் வெளியிடத்தில் பத்திரமாகச் சேரும். கடை எரிந்தாலும் வெள்ளத்தில் மூழ்கினாலும் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பதிவு அழியாது. கடனுக்குச் சாமான் கொடுத்து வாழும் எங்கட கடைகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

இதெல்லாம் ஏட்டுக் கணக்குத்தானா, நடைமுறையில் பலன் உண்டா என்று கேட்கலாம். யோனாஸ் ஹ்யோர்ட், யோனாஸ் பௌல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆபிரிக்கா பற்றிச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். கடலடிக் கேபிள்கள் ஆபிரிக்கக் கரையைத் தொட்ட பிறகு, உள்நாட்டு முதுகெலும்பு வலையமைப்போடு ஏற்கெனவே இணைந்திருந்த இடங்களையும் இணையாத இடங்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இணைந்திருந்த இடங்களில் வேலைவாய்ப்பு கூடியிருந்தது. படிப்புக் குறைந்தவர்களும் அந்தப் பலனைப் பெற்றிருந்தார்கள்.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. கேபிள் கரைக்கு வந்தால் மட்டும் போதாது. கரையிலிருந்து ஊருக்குப் பாதை வேண்டும். இலங்கைக்குக் கேபிள் புதிதல்ல. கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும் சர்வதேசக் கேபிள்கள் கரையேறியிருக்கின்றன. நாட்டின் வாசல் அகலமாகத்தான் இருக்கிறது. சிக்கல் பெரும்பாலும் கடைசித் துண்டில், அதாவது நிலையத்திலிருந்து கடை வாசல் வரையுள்ள அந்தச் சில கிலோமீற்றரில்.

அந்தக் கடைசித் துண்டில் சிக்கனம் பார்த்தால் என்னவாகும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. அங்கு 2009இல் தேசிய அகலப்பட்டைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு 93 வீதமான இடங்களுக்கு வாசல் வரை ஃபைபர் என்பது இலக்காக இருந்தது. 2013இல் ஆட்சி மாறியது. செலவும் காலமும் குறையும் என்று சொல்லி, பல இடங்களில் தெருப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து பழைய செம்பு என்று மாற்றினார்கள். 2020இல் அதே செம்பை ஃபைபராக்கும் திட்டத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. 2025 ஜனவரியில், எஞ்சியிருந்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்காக அரசு மேலும் 300 கோடி அவுஸ்திரேலிய டொலர் வரை ஒதுக்கியது. ஒரே தெருவுக்கு இரண்டு தடவை செலவு. இடையில் கழிந்த வருடங்கள் யாவாரிக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

2025 செப்டெம்பரில் அங்கு நடந்த வேக உயர்வும் கவனிக்கத்தக்கது. ஃபைபர் இணைப்புள்ள வீடுகளுக்கு 100 மெகாபிட்டாக இருந்த இறங்கும் வேகம் 500 ஆனது, ஐந்து மடங்கு. ஏறும் வேகமோ 20இலிருந்து 50 தான், இரண்டரை மடங்கு. விளம்பரம் எந்த எண்ணைப் பெரிதாகப் போடும் என்று சொல்லத் தேவையில்லை. யாவாரி மற்ற எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதை நல்லதானால் அதில் இரண்டு பக்கமும் வண்டி ஓடும். உங்கள் சாமான் கொழும்பு வாடிக்கையாளரிடம் போகும் அதே லைனில், கொழும்புக் கடையின் சாமான் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வரும். லைன் வந்துவிட்டது என்பதற்காக யாவாரம் தானாக வளராது. படம் எடுக்க, விலை போட, சொன்ன நாளில் அனுப்ப, திருப்பி வந்த சாமானை முகம் சுளிக்காமல் வாங்கப் பழகியவருக்குத்தான் அது பலன் தரும். பிந்தி இணைகிற ஊரோ இரண்டு பக்கமும் இழக்கும். விற்கவும் முடியாது, வருகிற போட்டியைத் தடுக்கவும் முடியாது. ஏனென்றால் வாங்குவதற்குக் கைபேசி இணையமே போதும். விற்பதற்குத்தான் நல்ல லைன் வேண்டும்.

ஆகவே ஊர் வர்த்தக சங்கங்கள் சும்மா இருக்கலாகாது. தெருத் தெருவாக எத்தனை கடைக்கு ஃபைபர் வேண்டும் என்று ஒரு பட்டியல் எடுத்துச் சேர்ந்து விண்ணப்பித்தால், தனி ஒருவரின் கடிதத்தைவிட அதற்குக் கனம் கூட. கேபிள் இழுக்கும் கொம்பனிக்கும் ஒரு தெருவில் இருபது இணைப்பு என்றால்தான் கணக்குச் சரிவரும். கையெழுத்துப் போடுமுன் மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏறும் வேகம் எவ்வளவு, மாத அளவு முடிந்தால் வேகம் எவ்வளவுக்கு இறங்கும், லைன் அறுந்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, "எத்தனை எம்பி வருது?" என்று ஆறுதலாகக் கேட்கலாம்.