சந்திரலேகாவின் ஐந்து வருஷச் சோதனை

கோட்டை வாசலிலே பிரம்மாண்டமான முரசுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மீது நின்று நடன மாதர்கள் ஆடுகிறார்கள். கொடியவனான சசாங்கன் கல்யாணக் களிப்பிலே மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் முரசுகள் பிளக்கின்றன. உள்ளிருந்து வீரசிம்மனின் போர் வீரர்கள் வாளும் கையுமாகப் பாய்கிறார்கள்! அப்புறம் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடக்கும் கத்திச் சண்டை, இந்தியப் படங்களிலேயே மிக நீண்டதென்று பெயர் பெற்றது. 1948-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி வெளியான "சந்திரலேகா"வைப் பார்த்த எவரும் இந்தக் காட்சியை மறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் திரைக்குப் பின்னால் நடந்த போராட்டம் இதைவிட நீண்டது. அது ஐந்து வருஷம் நடந்தது.

சென்னை மவுண்ட் ரோட்டில் ஜெமினி ஸ்டூடியோவை ஸ்ரீ எஸ். எஸ். வாசன் தொடங்கியது 1941-ல். "பாலநாகம்மா"வும் "மங்கம்மா சபதமும்" அடுத்தடுத்துப் பணத்தைக் குவித்தன. அந்த உற்சாகத்தில் 1943-ல் "சந்திரலேகா" என்று விளம்பரம் செய்தாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அப்போது கையில் இருந்தது பெயர் மட்டுந்தான்! முதலில் எழுதிய கதை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பெயரை வைத்துக்கொண்டு கதையைத் தேடினார்கள். கடைசியில், ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் எழுதிய கொள்ளைக்காரன் கதை ஒன்றிலே வந்த ஒரு சம்பவத்தை வேப்பத்தூர் கிட்டு எடுத்துக் கொடுக்க, அதைச் சுற்றிக் கதை வளர்ந்தது.

அதுவோ யுத்த காலம். பிலிம் சுருளுக்கே பஞ்சம். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் கட்டுப்பாடு வேறு. டைரக்டராக இருந்த டி. ஜி. ராகவாச்சாரி, அபிப்பிராய பேதத்தினால் பாதியிலேயே விலகினார். அதுவரை எந்தப் படத்தையும் டைரக்ட் செய்தறியாத வாசனே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் வரவழைத்தார்கள். முரசு நடனத்துக்குச் சுமார் 400 பேர் மாதக்கணக்கில் ஒத்திகை செய்தார்கள். எடுத்த காட்சிகளையே மீண்டும் எடுத்தார்கள்.

தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது. கொலை வழக்கொன்றில் சிறை சென்றிருந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1947-ல் விடுதலையாகி வந்தார். படமோ இன்னும் முடியவில்லை. ஆகவே அவருக்கும் மதுரத்துக்கும் கதையிலே இடம் உண்டாயிற்று. குறித்த காலத்தில் முடிந்திருந்தால் ரஸிகர்கள் அந்தச் சிரிப்பை இழந்திருப்பார்கள்.

மொத்தச் செலவு 30 லட்சம் ரூபாய் என்று கணக்குச் சொல்வார்கள். இதற்காக வாசன் சொத்துக்களை அடகு வைத்தார், நகைகளை விற்றார் என்றும் சொல்வதுண்டு. அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் இருந்த நாளில் முரசுக்கும் யானைக்கும் இத்தனை பணமா என்று கேட்டால், அந்தக் கேள்வியை அநியாயமென்று நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று என்றும் பார்க்கவேண்டும். ஜெமினியில் நடிகர்கள் மட்டுமல்ல, தச்சர்களும், வர்ணம் பூசுகிறவர்களும், தையற்காரர்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்தார்கள். ஐந்து வருஷம் அத்தனை அடுப்புகளும் புகைந்தன. படம் தோற்றிருந்தால் வாசன் குடும்பத்தோடு அந்தக் குடும்பங்களும் தெருவில் நின்றிருக்கும்.

தோற்கவும் பார்த்தது! தமிழ்நாட்டில் ஜனங்கள் திரண்டு வந்துங்கூட, போட்ட முதல் திரும்பவில்லை. வேறொருவராயிருந்தால் அத்தோடு ஸ்டூடியோவை ஏலத்துக்கு விட்டிருப்பார். வாசனோ ஹிந்திப் பதிப்பு ஒன்றைத் தயாரித்து, அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி வெளியிட்டார். வடநாட்டுப் பத்திரிகைகளிலும் வீதிகளிலும் தென்னிந்தியப் படம் எதற்கும் அதுவரை கண்டிராத விளம்பரம் நடந்தது. டி. ஆர். ராஜகுமாரியையும் ரஞ்சனையும் காண வடக்கே கூட்டம் அலைமோதியது. நஷ்டம் தீர்ந்தது; சென்னைப் படங்களுக்கு வடக்கே வழியும் திறந்தது.

ஆகவே "சந்திரலேகா"வின் வெற்றிக்குப் பணமே காரணம் என்பாருடன் நாம் உடன்படவில்லை. பின்னாளில் அதைவிடப் பணம் கொட்டிய படங்கள் எத்தனையோ வந்து, போன சுவடு தெரியாமல் போயின. பிடிக்காத கதையைக் கிழித்தெறியும் துணிவும், வந்த நஷ்டத்தைக் கண்டு கலங்காமல் வேறு வாசலைத் தட்டும் பிடிவாதமும் இல்லாதிருந்தால், 30 லட்சமும் கடலில் கரைத்த பெருங்காயமாகியிருக்கும்.

ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. அங்கே 1973-ல் எழுந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரைச் சூட்டினார்கள். ஆயினும் பஸ்ஸில் ஏறும் பாமரர் இன்றும் "ஜெமினிக்கு ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்கிறார்.