விசா 10 ஆண்டு, தங்குவது 6 மாதம்: சந்தேகங்களும் விளக்கங்களும்

படாளம் கூட்ரோட்டில் வேடந்தாங்கலுக்கு வழி கேட்கும் வெளிநாட்டுக்காரர்கள் நமக்குப் புதிதல்ல. இப்போது நம் ஊர்ப் பெற்றோரும் மகன், மகள் இருக்கும் நாடுகளுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். திரும்பும் தேதி தள்ளிப்போகும்போது வரும் சந்தேகங்கள் இவை.

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா வந்திருக்கிறோம். விசா 10 ஆண்டுக்கு இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் கிளம்பத்தான் வேண்டுமா?

நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்காவிட்டால், ஆம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா அந்த நாட்டு வாசல்வரை போவதற்கான அனுமதி. அந்த 10 ஆண்டுக்குள் பலமுறை போகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்கிறவர் அங்கே விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. சுற்றுலா விசாவுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருகிறார்கள். அந்தக் கெடு ‘ஐ-94’ என்ற பதிவில் இருக்கும். விமானத்தில் வருகிறவர்களுக்கு இது இப்போது காகிதமாகக் கிடைப்பதில்லை. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து இணையத்தில்தான் பார்க்க வேண்டும். போய் இறங்கிய வாரத்திலேயே பிள்ளைகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் சிக்கலில் மாட்டுகிறவர்கள் பலர் விசா தேதியையும் இந்தத் தேதியையும் ஒன்றென்று நினைத்தவர்கள்தான்.

நீட்டிக்க என்ன செய்ய வேண்டும்?

‘ஐ-539’ என்ற படிவத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். ஐ-94 கெடு முடிவதற்கு 45 நாள் முன்பாவது அனுப்பிவிடுங்கள் என்பது அந்தத் துறையே சொல்லும் யோசனை. கெடு முடிந்த பிறகு அனுப்பினால் ஏற்பது அரிது. ஏன் கூடுதலாக இருக்க வேண்டும், எப்போது கிளம்புவீர்கள், அதுவரை செலவுக்கு என்ன வழி, ஊரில் வீடு, நிலம், குடும்பம் என்று என்ன பிடிப்பு இருக்கிறது ஆகியவற்றுக்கு ஆதாரம் வேண்டும். காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது, மகளுக்கு உடம்பு தேறவில்லை என்றால் மருத்துவர் கடிதம் போதும்; ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கதை வேண்டாம். அடுத்த முறை சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதே காகிதத்தை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்கள்.

பதிலே வரவில்லை, கெடு முடிந்துவிட்டது. ஓடிவந்துவிட வேண்டுமா?

கெடுவுக்குள் முறையாக விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை அங்கே இருக்கலாம். பதில் வர மாதங்கள் ஆகும். நீங்கள் கேட்ட தேதியே அதற்குள் வந்துவிடுவதும் உண்டு. அப்படியானால் கிளம்பிவிடுவது நல்லது. விண்ணப்பித்த ரசீதையும் திரும்பி வந்த விமானத்தின் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். நிராகரித்துவிட்டால் உடனே புறப்பட வேண்டும். விண்ணப்பமே இல்லாமல் கெடுவைத் தாண்டினால் ஒரு நாளானாலும் அந்த 10 ஆண்டு விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் 3 ஆண்டும், ஓராண்டு தாண்டினால் 10 ஆண்டும் உள்ளே வரத் தடை.

கனடாவுக்கு ஒரு நடை போய்வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்குமாமே?

அப்படி நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். கனடா, மெக்சிகோவுக்குப் போய் 30 நாளுக்குள் திரும்பினால், பெரும்பாலும் பழைய ஐ-94 கணக்கிலேயே உள்ளே விடுவார்கள்.

மற்ற நாடுகளில்?

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவில் நீட்டிப்பு என்பது இல்லாத மாதிரிதான். கடும் நோய், விமானம் ஓடாத நிலை போன்ற தவிர்க்க முடியாத காரணம் வேண்டும். அதிலும் விசா செல்லும் தேதிகள் வேறு, தங்கலாம் என்று அச்சிட்ட நாள்களின் எண்ணிக்கை வேறு. எந்த 180 நாளை எடுத்தாலும் எல்லா ஷெங்கன் நாடுகளையும் சேர்த்து 90 நாளைத் தாண்டக் கூடாது. இலங்கை தாராளம்: முதலில் 30 நாள், அது தீருமுன் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீட்டிக்கலாம். துபாயில் கெடு தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம்.

மாமல்லபுரத்தில் வீட்டு மாடியை வெளிநாட்டவருக்கு விட்டிருக்கிறேன். இ-விசா முடியப் போகிறது, சிற்பம் கற்க இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்கிறார். நீட்டிக்க முடியுமா?

சிற்பத்துக்காக முடியாது. சுற்றுலா இ-விசா நீட்டிப்பு இல்லாதது. ஐந்தாண்டு இ-விசா வைத்திருந்தாலும் ஒரே மூச்சில் 90 நாள்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு 180 நாள். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்பது போன்ற நெருக்கடியானால், வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் 2018-ல் தொடங்கிய இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். கூப்பிட்டால் மட்டும் சென்னை சாஸ்திரி பவனில் உள்ள அந்த அலுவலகத்துக்குப் போனால் போதும். 2020 ஊரடங்கில் இங்கே சிக்கியவர்களுக்கு அரசு கட்டணமின்றி நீட்டித்தது, அதைச் சொல்லி இப்போதும் கேட்கிறார்கள். அது அந்தக் காலத்துக்கான சலுகை. 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள புதிய குடியேற்றச் சட்டப்படி, கெடு மீறித் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிவரும் விருந்தினர் விவரத்தை அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். வாடகை வாங்காமல் நண்பராகத் தங்கவைத்தாலும் இதே கடமைதான்.